திருகோணமலையில் உடையும் பாட்டும் எழுதப்போகும் புதிய நிருபருக்கு

குற்றச் செய்தியும் அரசியலும் எழுதுபவரை ஊர் நிருபர் என்று மதிக்கும். சாறி, முடியலங்காரம், மேடைப் பாட்டு என்று எழுதுபவரைப் பொழுதுபோக்குப் பக்கக்காரர் என்று ஒதுக்கிவிடும். திருகோணமலையில் அப்படி ஒதுக்க இடமில்லை. 2018இல் இங்குள்ள பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் உடலை மூடும் நீள அங்கியான அபாயாவை அணிந்து வந்தது பெரும் சர்ச்சையாகி நாடெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் முகத்தை மறைக்கும் உடைக்கு அவசரகால விதிகளின் கீழ்த் தடை வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் துணி எடுக்கும் ஊர் இது. இங்கே உடையைப் பற்றி ஒரு வரி பிசகினாலும் மனம் நோகும். ஆகவே கொலை வழக்குக்குச் செய்யும் சரிபார்ப்பைச் சட்டைக் கைக்கும் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதல் வேலை: ஆண்டு நாட்காட்டி

ஒரு கொப்பியில் 12 மாதத்தையும் எழுதுங்கள். தைப்பொங்கல், சிவராத்திரியை அடுத்து வரும் கோணேசப் பெருமான் நகர்வலம், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், வெசாக், தீபாவளி, நத்தார் எல்லாவற்றையும் குறியுங்கள். இரண்டு பெருநாள்களும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும். போன வருடத்துத் திகதியைப் பார்த்துத் திட்டமிட்டால் பிந்திவிடுவீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை நிகழ்ச்சிகள் சூடுபிடிப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்று மழை தொடங்கியபின் அங்கே போய் நின்றால் பூட்டிய கடைதான் கிடைக்கும்.

பண்டிகைக் கதைக்குப் பண்டிகைக்கு 4 வாரம் முன்பே தையல் கடைக்குப் போக வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் தையற்காரர் புது ஓடர் எடுக்க மாட்டார், உங்களோடு பேசவும் அவருக்கு நேரம் இராது. ஞாயிறு இணைப்பு அச்சுக்குப் போகும் நாளையும் ஆசிரியபீடத்தில் கேட்டு அதே கொப்பியில் எழுதுங்கள். செய்திப் பக்கத்துக்கு முன்னமே அது மூடிவிடும்.

இரண்டாவது: துணியைக் கையால் படிப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கடைக்காரர் 'கைத்தறி' என்றால் கைத்தறி, 'பற்றிக்' என்றால் பற்றிக் என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவர் வீட்டில் தைக்கத் தெரிந்த அம்மா ஒருவர் இருப்பார். ஒரு பார்வையில் பிழையைப் பிடித்துவிடுவார்.

கைத்தறித் துணியின் இரு கரையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கட்டையின் ஊசித்துளைகள் பெரும்பாலும் வரிசையாகத் தெரியும். நூல் அங்கங்கே மெல்லிதாக ஏறி இறங்கும். மில் துணி முழுக்க ஒரே சீராக இருக்கும். கிழக்கில் கைத்தறிக்குப் பேர்போன ஊர் மருதமுனை. துணி அங்கிருந்து வந்தது என்று யாராவது சொன்னால், எந்தத் தறியில், யார் நெய்தது என்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

பற்றிக் என்பது மெழுகு தடவிச் சாயத்தில் தோய்ப்பது. சாயம் இரு புறமும் ஊறியிருக்கும், மெழுகு வெடித்த இடங்களில் மயிரிழை போலக் கோடுகள் ஓடும். பின்புறம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துணி பட்டுத்தானா என்ற சந்தேகம் வந்தால், உரிமையாளரின் அனுமதியோடு மடிப்பிலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் மணம் தரும், சாம்பல் விரலில் உதிரும். செயற்கை நூல் உருகி மணியாக இறுகும். அபாயா எழுதும்போது 'கறுப்பு உடை' என்று நிறுத்தாதீர்கள். நிதா துணியா, கிரேப்பா, கையின் வெட்டு எப்படி, வேலைப்பாடு நூலா கல்லா என்று கிண்ணியாவிலும் மூதூரிலும் உடுப்பவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். நீங்களும் பிரித்து எழுதுங்கள். நகைக்கு இரண்டு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: 1 பவுண் 8 கிராம், 22 கரட் என்றால் 100க்கு 91.6 பங்கு தங்கம்.

மூன்றாவது: கடையில் ஒரு மணித்தியாலம்

கேள்வி கேட்கும் முன் 20 நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். கலியாணச் சட்டை தைக்கும் ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். சட்டகத்தில் துணி பறை போல இறுகியிருக்கும். கொக்கி முனையுள்ள ஆரி ஊசி மேலிருந்து குத்தும், இடது கை அடியிலிருந்து நூலைக் கொடுக்கும். மேலே வருவது சங்கிலித் தையல். துணி தளர்ந்திருந்தால் தையல் சுருங்கிப் பூவின் இதழ் கோணும். அப்படிக் கோணியதைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறாரா என்று கவனியுங்கள். சட்டைக் கை நுனியில் வேலைப்பாடு எத்தனை விரல் அகலம், ஒரு சட்டைக் கைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை பேர் மாறி இருந்து தைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நல்ல பந்திக்குத் தேவையான எல்லாம் அந்த மேசையிலேயே இருக்கிறது.

பேச்சைத் தொடங்கும்போது முறை முக்கியம். நகரில் அக்கா, அண்ணை. கிண்ணியாவில் ராத்தா, நானா. பெயரை நீங்களாக எழுதாதீர்கள், கொப்பியைக் கொடுத்து அவரையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களப் பெயரை ஒலிகேட்டு எழுதினால் குறில் நெடில் மாறும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள்.

விலையைத் தனித்தனியாகக் கேளுங்கள்: துணி எவ்வளவு, தையற்கூலி எவ்வளவு, கல்லும் மணியும் எவ்வளவு. மொத்த விலையை மட்டும் எழுதினால், கூலி எங்கே போகிறது என்பது மறைந்துவிடும். வாசகருக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இலவசம் வாங்காதீர்கள். அழகு நிலையம் செய்துவிடும் அலங்காரமும் கடை கொடுக்கும் சாறியும் விளம்பரத்தின் விலை. வாங்கியபின் அந்தக் கடையைப் பற்றி எழுதுவது எதுவும் செய்தியாகாது. காசுக்குப் போடும் கட்டுரைக்கு மேலே 'விளம்பரம்' என்று அச்சிட வேண்டும். அதில் உங்கள் பெயர் வரக்கூடாது.

நான்காவது: மேடையும் போனும்

இசை நிகழ்ச்சிக்கு ஒலிச்சோதனை நேரத்திலேயே போங்கள். பாடல் பட்டியலை இசைக்குழுவிடம் வாங்கி, எது சொந்தப் பாட்டு, எது சினிமாப் பாட்டு என்று குறியுங்கள். சொந்தப் பாட்டென்றால் வரிகள் யாருடையவை, இசை யாருடையது, எங்கே பதிவு செய்தார்கள் என்ற மூன்றும் தேவை. பாடியவர் பெயரை மட்டும் போட்டு மற்ற இருவரையும் விட்டுவிடுவது இந்தத் துறையின் பழைய அநியாயம்.

'ஆயிரக்கணக்கானோர்' என்று எழுதாதீர்கள். கதிரை போட்டிருந்தால் வரிசையைக் கதிரையால் பெருக்குங்கள். நின்றால் இடத்தின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து மீற்றராக்கி, இடைவெளி விட்டு நிற்கும் கூட்டத்துக்கு 1 சதுர மீற்றருக்கு 1 ஆள் என்றும், தோள் உரசும் கூட்டத்துக்கு 2 முதல் 3 ஆள் என்றும் கணக்கிடுங்கள். யூடியூப் பார்வை எண்ணைத் திகதியோடு போன் திரையைப் படம் பிடித்து வையுங்கள், மறுநாளே மாறிவிடும். ஒருவரே பல தடவை பார்த்திருக்கலாம் என்பதால், '10,000 பேர் பார்த்தனர்' என்று எழுதாமல் '10,000 தடவை பார்க்கப்பட்டது' என்று எழுதுங்கள்.

ஐந்தாவது: படம்

முகநூலிலிருந்து படம் எடுத்துப் போடுவது திருட்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எடுத்தவரின் உடைமை. கலியாணப் படத்துக்குப் படப்பிடிப்பாளர், மணமக்கள் என இரு தரப்பிடமும் கேளுங்கள். சாமத்திய வீட்டு அலங்காரம் அருமையான கதைதான். மேடையையும் தட்டுகளையும் எடுங்கள், பிள்ளையின் முகம் வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்த டிக்டொக் பிள்ளைகளிடம் பேசுவதானால் பெற்றோரை அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் மான்களோடு படமெடுக்கும்போது பின்னணியில் இராணுவக் கட்டடம் விழாமல் பாருங்கள். கோயில் உள்வீதியில் எடுக்க நிர்வாகத்திடம் முன்பே அனுமதி வாங்குங்கள்.

மூலப் படத்தை அழிக்க வேண்டாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, அவர்கள் சுடப்பட்டதைக் காட்டியவை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் எந்தப் பக்கத்துக்காகக் கமராவைத் தூக்கினாலும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது: எழுதி அனுப்புவது

முதற்பந்தி 30 சொல்லுக்குள் இருக்கட்டும். 'பெண்களின் மனங்கவரும் நவநாகரிகச் சட்டைகள் இன்று பிரபலமடைந்து வருகின்றன' என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே எதற்கும் உதவாது. 'கை நுனியில் மூன்று விரல் அகலத் தாமரை. அதைத் தைக்க இரண்டு பேருக்கு நான்கு நாள். ஆவணிக் கலியாணத்துக்கு இப்போதே 14 சட்டை காத்திருக்கிறது' என்று தொடங்கினால் கடைக்குள் போய்விட்டோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொப்பியில் உள்ளதை எழுதுங்கள். ஒருவரின் உடல் பருமனையும் நிறத்தையும் பற்றி எழுதவே வேண்டாம். அணிந்தது எது, ஏன் அணிந்தார் என்பது போதும்.

பல பத்திரிகைகளில் பக்கம் இன்னும் பாமினி எழுத்துருவில் அமைகிறது. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் இருப்பதால், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்த கடைப்பெயர் மாற்றும்போது பொருளற்ற தமிழாகிவிடும், அரைப்புள்ளி (;) மெய்யெழுத்தின் புள்ளியாக உட்காரும். யூனிகோட்டில் அடியுங்கள், பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். பக்கம் அமைத்தபின் அதன் படத்தை அனுப்பச் சொல்லிப் பெயர்களையும் இலக்கங்களையும் மட்டுமாவது ஒப்புநோக்குங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டொகியுமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் போடுங்கள். 12 சென்ரிமீற்றர் அகலத்தில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக ஏறக்குறைய 1,420 பிக்சல் அகலம் வேண்டும். படவிளக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர், இடம், திகதி, எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும்.

வெளியான அன்று பத்திரிகையில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை உங்கள் கோப்பில் வைத்து மற்றதைக் கதை தந்த கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிழை இருந்தால் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதைக் குறித்துக்கொண்டு அன்றே ஆசிரியபீடத்துக்குத் திருத்தம் அனுப்புங்கள்: எந்தத் திகதி, எந்தப் பக்கம், அச்சானது என்ன, சரியானது என்ன.