வண்டி ‘பிரேக்டவுன்’ ஆனால் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

கம்பம், கூடலூர்ப் பக்கம் டாக்ஸியும் ஜீப்பும் ஓட்டுகிறவர்கள் தேக்கடிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு இங்கிலீஷில்தான் வாட்ஸ்அப் அனுப்ப வேண்டியிருக்கிறது. நேரத்துக்குப் போய்விட்டால் ‘ஓகே சார்’ போதும். லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றால்தான் வம்பு. அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வினைச்சொல் எது, பெயர்ச்சொல் எது என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையை மூடி வைப்பது. பயம் காட்டுவதைத் தவிர அதனால் பிரயோஜனமில்லை. ஐந்து வடிவங்கள் போதும்: பிரேக், பிரேக்ஸ், பிரோக், பிரோக்கன், பிரேக்கிங். பின்னால் வரும் ‘டவுன்’ எந்தக் காலத்திலும் மாறாது. ‘பிரேக் டவுன்ட்’ என்று அதன் வாலில் எதையும் ஒட்டாதீர்கள். எழுத்து பி-ஆர்-இ-ஏ-கே. பி-ஆர்-ஏ-கே-இ என்று போட்டால் அது காலால் மிதிக்கிற பிரேக்.

அடுத்தது, எல்லோரும் சறுக்குகிற இடம். ‘வண்டி பிரேக்டவுன் ஆயிடுச்சு’ என்கிறோம் இல்லையா? அதில் பிரேக்டவுன் வெறும் பெயர்ச்சொல். காலத்தைச் சுமப்பது ‘ஆயிடுச்சு’. அதே பழக்கத்தில் இங்கிலீஷில் பேசினால் ‘தி ஜீப் இஸ் பிரேக்டவுன்’, ‘தி ஜீப் காட் பிரேக்டவுன்’ என்றுதான் வாயில் வரும். குமுளியில் மலையாளத்துக்காரர்களும் ‘பிரேக்டவுன் ஆயி’ என்பதால் எல்லை தாண்டியும் திருத்த ஆளில்லை! ‘ஆகு’வைக் கழற்றிவிட்டு, பிரேக்கையே வினையாக்குங்கள்.

நேற்று நின்றது, கதை முடிந்தது: ‘தி ஜீப் பிரோக் டவுன் எஸ்டர்டே.’
நின்றுவிட்டது, இன்னும் ரோட்டோரத்தில்தான் நிற்கிறது: ‘தி ஜீப் ஹாஸ் பிரோக்கன் டவுன்.’

காத்திருக்கும் ஆளுக்கு அனுப்ப வேண்டியது இரண்டாவது. அதைப் படித்ததும் வேறு வண்டி தேவைப்படலாம் என்று அவருக்குப் புரிந்துவிடும். ஆனால் ‘ஹாஸ்’ போட்டால் ‘எஸ்டர்டே’ போடக்கூடாது. ‘நேற்று’, ‘காலை ஆறு மணிக்கு’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘பிரோக்’தான்.

அடிக்கடி மக்கர் பண்ணும் வண்டிக்கு ‘இட் கீப்ஸ் பிரேக்கிங் டவுன்.’ எதிர்காலத்துக்கு ‘வில் பிரேக் டவுன்’. அதில் சிக்கலே இல்லை.

வடிவங்களைச் சரிபார்க்க ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் இணையதளம்தான் என் தேர்வு. ‘பிரேக்’ என்று தேடினால் வினை வடிவங்கள் ஒலியோடு இருக்கும், ‘பிரேக் டவுன்’ தனியாகவும் கிடைக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைப் போட்டுப் பார்ப்பது வீண். போட்டால் முழு வாக்கியமாகப் போடுங்கள்.

பின்சேர்க்கை: ‘வாஸ் பிரோக்கன் டவுன்’ என்று எழுதலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வண்டி தானாக நின்றதற்கு அது பொருந்தாது. கதவை யாராவது உடைத்துத் தள்ளினால் ‘தி டோர் வாஸ் பிரோக்கன் டவுன்’ சரி. அங்கே உடைத்த ஆள் ஒருவர் இருக்கிறார். அந்தப் பொருளில் ‘தே பிரோக் இட் டவுன்’ என்று நடுவில் ‘இட்’டும் நுழையும். ஜீப்புக்கு நுழையாது.

இன்னொன்று, ஆளைச் சொல்லி ‘ஷி பிரோக் டவுன்’ என்றால் உடைந்து அழுதுவிட்டாள் என்று பொருள். ‘டிரைவர் பிரோக் டவுன்’ என்று அவசரத்தில் அனுப்பிவிட்டு, விருந்தினர் ஏன் ஆறுதல் சொல்கிறார் என்று முழிக்காதீர்கள்.

கேள்வியாகக் கேட்கும்போது ‘டிட் இட் பிரேக் டவுன்?’ ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டதால் அங்கே ‘பிரோக்’ வராது.