படகில் தேங்கும் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகலமான தட்டில் விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். தட்டு லேசாகச் சாய்ந்ததுமே தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி, சாய்ந்த கையை இன்னும் கீழே இழுக்கும். அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி மூடி எடுத்துப் போனால் இந்தப் பிரச்சினையே இல்லை. மீன்பிடிப் படகின் தளத்தில் நிற்கும் தண்ணீர், தட்டில் நிற்கும் தண்ணீரைப் போன்றது.

'கொஞ்சம்தானே, வடிந்துவிடும்' என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 20 சென்டிமீட்டர் கடல்நீர் நின்றால் அதுவே 3 டன். எடையைவிட மோசமானது அதன் ஓட்டம். அலை படகைச் சாய்க்கும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சேர்ந்து, படகை நிமிர விடாமல் அழுத்துகிறது. இதில் ஆழத்தைவிட அகலத்துக்குத்தான் கணக்கு: தண்ணீர்ப் பரப்பின் அகலம் இரண்டு மடங்கானால் பாதிப்பு எட்டு மடங்காகிறது. நடுவில் நீளவாக்கில் கசியாத தடுப்பு ஒன்று இருந்தால் அது கால் பங்காகக் குறைகிறது. மீன் அறையின் தடுப்புப் பலகைகளை, அள்ள வசதியாக இருக்கிறது என்று கழற்றி வைப்பவர்கள் இதை நினைக்க வேண்டும். ஐஸ் உருகிய நீரில் கிடக்கும் மீனும் தண்ணீரைப் போலவே ஒரு பக்கமாகச் சரியும்.

அடுத்து, தளத்துத் தண்ணீர் வெளியேறும் ஓரத் திறப்புகள். மீன் நழுவுகிறது, கால் நனைகிறது என்று பலகை வைத்து அடைத்துவிடுகிறார்கள். மீன் நழுவாமலிருக்கக் குறுக்குக் கம்பி போதும். அடைக்காதவர்கள்கூட வலையையும் கயிறையும் அதன்மேல் குவித்துவிடுவது உண்டு. மூடி உள்ள திறப்பு என்றால், கரையை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் கையால் தள்ளிப் பாருங்கள். கீல் துருப்பிடித்து இறுகியிருப்பது பார்வைக்குத் தெரியாது.

டேங்க் விஷயத்திலும் கவனம் தேவை. எல்லா டேங்கையும் பாதி பாதியாக வைக்காமல், முடிந்தவரை ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இடது, வலது டேங்குகளை இணைக்கும் வால்வைத் திறந்தே விட்டால், டீசல் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

கண்ணில் படாத தண்ணீர் இன்னும் பயங்கரம். சுக்கான் இருக்கும் பின் அறையில் கசிந்து நிரம்புவதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடிக்கடி கத்துகிறது என்று தண்ணீர் அலாரத்தின் ஒயரைப் பிடுங்கி விடுவது உயிரோடு விளையாடும் வேலை. அது ஏன் கத்துகிறது என்று பாருங்கள். கடலில் ஹேட்ச் (தளத்திலிருந்து கீழ் அறைகளுக்குப் போகும் திறப்பு) மூடியே இருக்கட்டும்.

அப்புறம், படகே கொடுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வழக்கமாக வெடுக்கென்று நிமிரும் படகு மெதுவாக, சாய்ந்த பக்கமே சற்று நின்றுவிட்டு நிமிர்கிறதா? ஆட்டம் குறைந்து சுகமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் நிமிரும் சக்தி வடிந்துகொண்டிருக்கிறது. உடனே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, பிடிபட்ட மீனோடு வலையைத் தூக்குவதை நிறுத்தி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், காரணம் தெரியாமல் பாரத்தை மறுபக்கம் தள்ளாதீர்கள். தேங்கிய தண்ணீர்தான் காரணம் என்றால், படகு சட்டென்று மறுபக்கம் புரண்டு, முன்பைவிட அதிகமாகச் சாயும்.