திருகோணமலையில் இருந்துகொண்டு மருத்துவ ஆய்வில் சேருவது எப்படி? (காசு விஷயமும் சேர்த்து)

"புது மருந்தைச் சோதிக்க ஆள் எடுக்கிறாங்களாம், நல்ல காசாம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் நம் ஊரில் இரண்டு விதமான பதில் வரும். ஒருவர் "நம்பரை அனுப்பு" என்பார். மற்றவர் "எங்களைப் பரிசோதனை எலியாக்கப் பார்க்கிறாங்கள்" என்பார். கிளினிக்கல் ட்ரயல் எனப்படும் மருத்துவ ஆய்வு உண்மையில் எப்படி நடக்கிறது என்று இரண்டு பேருமே விசாரித்திருக்க மாட்டார்கள். இதுவரை ஒரு ஆய்விலும் சேராதவர்களுக்காக, ஆய்வைத் தேடுவதிலிருந்து சேர்ந்து முடிப்பது வரை படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் காசைப் பேசி முடிப்போம்

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் நோய் எதுவும் இல்லாதவர்களை ஆய்வு நிலையத்தில் சில நாள் தங்கவைத்து, புது மருந்தைக் கொடுத்து, நல்ல தொகையும் கொடுப்பார்கள். அது முதல் கட்ட ஆய்வு. மருந்து மனித உடம்புக்குப் பாதுகாப்பா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அந்தக் காசு சும்மா வருவதில்லை. 2006இல் லண்டனில் டி.ஜி.என். 1412 என்ற மருந்தை ஏற்றிக்கொண்ட ஆறு ஆரோக்கியமான இளைஞர்கள் சில மணி நேரத்திலேயே உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பேசியிருந்த தொகை சுமார் 2,000 பவுண். இப்படி நடப்பது மிக அரிது, அதற்குப் பிறகு விதிகளும் இறுகிவிட்டன. இருந்தாலும் தொகை பெரிதாக இருந்தால் ஏன் என்று ஒரு தரம் கேட்டுவிடுவது நல்லது.

நம் பக்கத்தில் நடப்பவை பெரும்பாலும் வேறு வகை. ஏற்கெனவே பிரஷர், சீனி, சிறுநீரக நோய், டெங்கு என்று ஏதோ ஒன்றோடு தொடர்புள்ள ஆட்களைச் சேர்ப்பார்கள். கொடுப்பது பஸ் காசு, சாப்பாடு, சில வேளை அன்றைக்கு இழந்த கூலிக்கு ஈடாக ஒரு தொகை. ஆய்வுக்கான பரிசோதனைகளும் மருந்தும் இலவசம். தொகை எவ்வளவு என்பதை, ஆய்வு பங்கெடுப்பவர்களுக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டு ஒருவர் தன் உடம்பைப் பணயம் வைக்கும் அளவுக்கு அது இருக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி.

ஆக, இதை ஒரு வருமான வழியாக நினைத்து வருகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கைக்காசு செலவழிக்காமல், உரியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பங்கெடுக்க விரும்பினால் மேலே படியுங்கள்.

படி 1: உங்கள் விபரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

வயது, உள்ள நோய்கள், எத்தனை வருடமாக, குடிக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள். கிளினிக் கொப்பி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கொப்பியில் இல்லாத ஒன்று உண்டு: வீட்டில் அவித்துக் குடிக்கும் கஷாயம், சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், பார்மசியில் நீங்களாக வாங்கும் குளிசை. இவையும் தாளில் வரவேண்டும். சில மூலிகைகள் ஆய்வு மருந்தோடு சேர்ந்தால் ஆய்வின் முடிவும் பிழையாகும், ஈரலும் பாதிக்கப்படலாம்.

படி 2: எங்கே தேடுவது

இலங்கையில் இதற்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரமும் உண்டு. எஸ்.எல்.சி.டி.ஆர். என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கூகிளில் அடித்தால் முதலிலேயே வந்துவிடும். கணக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

தளம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒன்றை வீட்டில் பக்கத்தில் இருத்திக்கொண்டால் போதும். நோயின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பதிவைத் திறந்ததும் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை, நான்கு இடத்தைப் பார்த்தால் சரி. ஒன்று, ஆள் சேர்ப்பின் நிலை: 'ரிக்ரூட்டிங்' என்று இருந்தால் இப்போது ஆள் எடுக்கிறார்கள், 'பென்டிங்' என்றால் இன்னும் தொடங்கவில்லை, 'கம்ப்ளீட்' என்றால் முடிந்துவிட்டது. இரண்டு, சேர்ப்பதற்கும் விலக்குவதற்குமான நிபந்தனைகள். உங்கள் தாளை இந்த இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்று, எந்த வைத்தியசாலை. நான்கு, பொதுமக்கள் தொடர்புகொள்வதற்கென்று கொடுத்த தொலைபேசியும் மின்னஞ்சலும்.

கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கவ் என்ற அமெரிக்கத் தளத்திலும் நாட்டை இலங்கை என்று தெரிவுசெய்து தேடலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் பெரிய ஆய்வுகள் அங்கே அகப்படும்.

திருகோணமலை என்று போட்டுத் தேடிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலைகளில்தான் ஆய்வுகள் அதிகம். நமக்குக் கிட்ட என்றால் அனுராதபுரம் ஏறத்தாழ 105 கிலோமீற்றர், மட்டக்களப்பு 130, கண்டி 180. கொழும்பு 260, இரவு ரயில் இருக்கிறது. ஆறு மாதத்தில் எட்டுத் தரம் வரச் சொன்னால் இந்தத் தூரம் என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் விசாரிக்கலாம். அங்கே சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள்.

படி 3: உங்கள் கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள்

இணையத்தைவிட இதுதான் பலனுள்ள வழி என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் நடந்த பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். மூன்று பிரஷர் மருந்துகளைச் சிறிய அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்த ட்ரையம்ஃப் என்ற ஆய்வில் 700 பேர் சேர்ந்தார்கள். 2016, 2017 காலத்தில், 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளுக்கு வந்தவர்களிலிருந்து அவர்களைத் தெரிவுசெய்தார்கள். ஆறு மாத முடிவில் அந்தக் குளிசை குடித்தவர்களில் 70 சதவீதமானவர்களுக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதம். இன்னொன்று பிரஷரைக் கட்டுப்படுத்துவது பற்றிய கோப்ரா என்ற ஆய்வு. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலுமாக 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்தது. நம் நாட்டில் அதற்கு வீடுவீடாகப் போனவர்கள் நமக்குத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது மிட்வைஃப்மார்.

ஆகவே மாவட்டப் பொது வைத்தியசாலையோ, கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளோ, நீங்கள் போகும் இடத்தில் டொக்டரிடம் கேளுங்கள்: "இந்த வருத்தத்துக்கு ஏதும் ஆய்வு நடக்குதா டொக்டர்? நடந்தா எனக்கும் சொல்லுங்கோ." கிளினிக் நெரிசலில் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நம்பர் எடுத்துக் காலையிலிருந்து காத்திருந்து, டொக்டர் முன்னால் இருப்பதே மூன்று நிமிடம். பரவாயில்லை, கொப்பியை நீட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: போலியைக் கழித்துவிடுங்கள்

பதிவுக் கட்டணம் கேட்டால் போலி. வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கம், போனுக்கு வரும் ஓ.டி.பி. கேட்டால் போலி. "இன்றைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தினாலும் விலகிக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையானதை எப்படி அறிவது? பதிவு இலக்கம் கேளுங்கள். எஸ்.எல்.சி.டி.ஆர்., அப்புறம் வருடம், அப்புறம் ஒரு தொடர் எண் என்ற வடிவில் இருக்கும். தளத்தில் போட்டுப் பார்த்தால் வரவேண்டும். எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்றும் கேளுங்கள். மருத்துவ பீடங்களிலும் பெரிய வைத்தியசாலைகளிலும் இந்தக் குழுக்கள் இருக்கின்றன. புது மருந்து என்றால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. இவற்றைக் கேட்டால் நல்ல ஆய்வாளர் கோபிக்க மாட்டார்.

படி 5: சம்மதப் படிவம்

இந்தப் படியில் மட்டும் அவசரமே வேண்டாம்.

கிளினிக்கில் வழமையாக நடப்பது இது. மிஸ்ஸி வந்து, "ஐயா, ஒரு ஆய்வு நடக்குது, சேர விருப்பமா?" என்பார். ஐயா தாளை வாங்கிப் பார்க்காமலே, "டொக்டர் சொன்னாச் சரிதானே மிஸ்ஸி, எங்க கைச்சாத்து வைக்கிற?" என்பார். மரியாதையில் வரும் பதில்தான், ஆனால் அந்தத் தாளில் இருப்பது ஐயாவின் உடம்பு. "வேண்டாம்" என்று சொன்னால் கிளினிக் மருந்து நின்றுவிடுமோ என்ற பயமும் பலருக்கு உள்ளே இருக்கும். நிற்காது, நிறுத்தவும் கூடாது.

தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் தேவை, விபரம் புரியும் வயதென்றால் பிள்ளையிடமும் கேட்பார்கள்.

தாளில் விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கேள்விகள்:

- எத்தனை தரம் வரவேண்டும், எத்தனை தரம் இரத்தம் எடுப்பீர்கள், எவ்வளவு?
- எனக்குப் புது மருந்தா, பழையதா, வெறும் மாத்திரையா? யார் தீர்மானிப்பது?
- பக்கவிளைவு வந்தால் இரவில் யாருக்குப் போன் எடுப்பது?
- ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு?
- இடையில் விட்டால் என்ட வழமையான கிளினிக்குக்குப் பிரச்சினை வருமா?
- என் பெயரும் றிப்போட்டுகளும் யார் கைக்குப் போகும்?

இரண்டாவது கேள்விக்கு ஒரு விளக்கம். யாருக்கு எது என்பதைக் கணினி எழுமாறாகப் பிரிக்கும், டொக்டர் தெரிவுசெய்வதில்லை. டெங்குத் தடுப்பூசி ஒன்றை இலங்கை உட்பட எட்டு நாடுகளில் 4 முதல் 16 வயது வரையான 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் சோதித்தார்கள். அதில் மூவரில் இருவருக்குத் தடுப்பூசி, ஒருவருக்கு மருந்தில்லாத ஊசி. அந்த வெறும் மருந்தைத்தான் பிளசீபோ என்பார்கள். அது உங்கள் பங்குக்கு வந்தால் யாரும் ஏமாற்றியதாக அர்த்தமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

படி 6: காசைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்

கைச்சாத்து வைப்பதற்கு முன்னால். பஸ் காசு ஒவ்வொரு வருகைக்கும் உடனேயா, கடைசியிலா? ரிக்கெற் தேவையா? மூதூரிலிருந்து அம்மாவைக் கூட்டிவரும் மகளின் பஸ் காசும் உண்டா? பஸ் நிலையத்திலிருந்து வைத்தியசாலைக்கு ஓட்டோ பிடித்தால்? நாட்கூலி செய்பவர் என்றால் அந்த நாள் வருமானத்துக்கு ஏதாவது உண்டா? குச்சவெளியில் கடலுக்குப் போகிற ஒருவருக்கு, கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் ஒரு நாள் இழப்பதும் வாடைக் காலத்தில் ஒரு நாள் இழப்பதும் ஒன்றல்ல. வருகைத் தேதிகளைத் தள்ளிவைக்க முடியுமா என்று அதையும் கேட்கலாம்.

எல்லோரும் மறக்கும் ஒன்று: முதல் நாள் இரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு "நீங்கள் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பலாம். அன்றைய பயணச் செலவு கிடைக்குமா? அதேபோல, இடையில் விலகினால் அதுவரை வந்த நாட்களுக்குரியது கிடைக்குமா? முழுத் தொகையும் கடைசி நாளில்தான் என்று ஒரு ஆய்வு சொன்னால் அது எனக்குப் பிடிக்காது. காசுக்காகவே விலகாமல் இருக்கச் செய்யும் தந்திரம் அது.

படி 7: சேர்ந்த பிறகு

மருந்தைச் சொன்ன நேரத்தில் குடியுங்கள், மிஞ்சிய குளிசைகளை எறியாமல் திருப்பிக் கொண்டுபோங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். நோன்பு காலம் வருகிறதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து நேரத்தை மாற்ற முடியுமா, நோன்போடு இரத்தம் கொடுக்கலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். விரதக்காரருக்கும் இதுவே. வேறு டொக்டரிடம் போனால் ஆய்வில் இருப்பதைச் சொல்லுங்கள். தலையிடி, சொறி என்று சின்னதாக ஏதும் வந்தாலும் மறைக்காதீர்கள், அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வே நடக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வில் சேரக் கூடாது. ஒன்று முடிந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் சில மாத இடைவெளி கேட்பார்கள்.

விலக நினைத்தால் காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள், ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கள். சில மருந்துகளைச் சடுதியாக நிறுத்தினால் உடம்புக்குத்தான் கேடு, படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆய்வு முடிகிற நாளில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். எனக்குக் கிடைத்தது எந்த மருந்து என்று எப்போது சொல்வீர்கள்? மருந்து எனக்கு ஒத்துவந்திருந்தால் இனி அது எங்கே கிடைக்கும்? முதலாவதற்குச் சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எல்லோருடைய கணக்கும் முடிந்த பிறகுதான் யாருக்கு எது கொடுத்தார்கள் என்ற இரகசியத்தை வெளியில் சொல்வார்கள். அதுவரை தகவல் தாளின் பிரதியையும் பதிவு இலக்கத்தையும் கிளினிக் கொப்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.