இரண்டு நாடு சேர்ந்து படம் எடுக்கும்போது: ‘குங் ஃபூ யோகா’வில் நடந்த தவறுகள்

2008-இல் ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்குச் சென்னை வந்த ஜாக்கி சானுக்கு இங்கே எவ்வளவு ரசிகர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவரே இந்தியாவை மையமாக வைத்து நடித்த ‘குங் ஃபூ யோகா’ (2017) இங்கே வந்த சுவடு தெரியாமல் போனது. சீனாவில் அதே படம் 170 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. இரு நாடுகளுக்கும் பொதுவாக எடுத்த படம் ஒரு நாட்டில் மட்டும் ஓடினால், கோளாறு எங்கே?

முதல் தவறு, ஒப்பந்தம் கையெழுத்தானதுமே பாதிக் கிணறு தாண்டியதாக நினைப்பது. இந்தியாவும் சீனாவும் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் போட்டது 2014 செப்டம்பரில். வருவாயில் பங்கு பெறும் வெளிநாட்டுப் படங்களுக்கு அப்போது சீனாவில் ஆண்டுக்கு 34 என்று வரம்பு. வசூலில் தயாரிப்பாளருக்குக் கிடைப்பதும் நூற்றுக்கு 25 பங்குதான். முறையான கூட்டுத் தயாரிப்பு என்றால் உள்ளூர்ப் படமாகக் கணக்கு, வரம்பு கிடையாது. தயாரிப்பாளருக்கு இது பெரிய வாசல்தான். ஆனால் டிக்கெட் வாங்குபவருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரண்டாவதுதான் என்னை அதிகம் வருத்துவது: கையில் இருக்கும் கதையை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது. வட இந்தியப் பேரரசர் ஹர்ஷர் இறந்த பிறகு இந்தியா வந்த சீனாவின் தாங் வம்சத் தூதர் வாங் சுவான்சே தாக்கப்படுகிறார். தப்பியோடி, திபெத், நேபாளப் படைகளைத் திரட்டி வந்து, ஹர்ஷருக்குப் பின் ஆட்சியைப் பிடித்திருந்தவனைச் சிறைபிடித்துப் போகிறார். சீன வரலாற்று ஏடுகளில் உள்ள செய்தி இது. 7-ஆம் நூற்றாண்டிலேயே இரு நாடுகளையும் பின்னிவைத்த கதை! படம் இதைத் தொட்டுவிட்டு ஐஸ்லாந்துப் பனிக்கும், காரின் பின்சீட்டில் சிங்கம் உட்கார்ந்திருக்கும் துபாய் துரத்தலுக்கும் ஓடிவிடுகிறது. இந்தியா வரும்போது கயிற்று வித்தை, அரண்மனை, புதையல். சோனு சூட் ஏற்ற வில்லன், அப்படிச் சிறைபிடிக்கப்பட்டவனின் வழிவந்தவனாம். அவன் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் பேசவிட்டிருந்தால் நம் ஆட்களுக்கும் படத்தில் ஒரு பிடி கிடைத்திருக்கும்.

சிரிப்பைப் பொறுத்தவரை, வசனத்தை நம்பக்கூடாது. சிலேடை மொழிமாற்றத்தில் செத்துவிடும்; உடம்பு செய்யும் சேட்டை எந்த ஊரிலும் சிரிக்கவைக்கும். ‘குங் ஃபூ யோகா’வின் இயக்குநர் ஸ்டான்லி டோங்கே 2005-இல் எடுத்த ‘தி மித்’தில் ஒரு சண்டை வரும். பசை தடவிய கன்வேயர் பெல்ட்டில் ஜாக்கி சானும் மல்லிகா ஷெராவத்தும் மாட்டிக்கொள்வார்கள். காலை எடுத்தால் கை ஒட்டும். அந்த இடத்துக்கே உரிய பொருளிலிருந்து அடிதடியும் சிரிப்பும் சேர்ந்தே பிறக்கின்றன. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கணினியில் உருவான சிங்கத்திடம் இது கிடைக்காது. ஆபத்து நிஜம் என்று கண் நம்பினால்தான் வாய் சிரிக்கும்.

கடைசியாக, பாட்டு. பாலிவுட் என்றால் நடனம் என்று முடிவுகட்டி, உச்சக்கட்டச் சண்டையை அப்படியே நிறுத்தி எல்லோரையும் ஆடவிட்டார்கள். ஃபரா கான் அமைத்த நடனத்தில் குறை இல்லை. அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எப்படிக் கைகோத்தார்கள் என்பதற்குத்தான் கதையில் ஒரு காட்சிகூட இல்லை.