வெளிநாட்டில் நண்பரின் பிறந்தநாள்: உணவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தை விட்டு வேறொரு நாட்டில் இருப்பவருக்குப் பிறந்தநாள் அன்று நண்பர்கள்தான் எல்லாம். அதனால்தான் எல்லோரும் சேர்ந்து உணவகத்துக்குப் போகிறோம். அந்த மாலை கசந்துபோனால், பெரும்பாலும் அதற்குக் காரணம் சாப்பாடு இல்லை, காசு.

யார் பணம் கட்டுவது என்று முன்னாலேயே பேசாமல் கிளம்புவதுதான் பெரிய தவறு. ஜெர்மனியில் பொதுவாகப் பிறந்தநாள்காரர்தான் விருந்து வைப்பார். அமெரிக்காவிலோ நண்பர்கள் சேர்ந்து அவர் பங்கையும் கட்டுவது சகஜம். பல நாட்டுக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு கணக்கு மனதில் ஓடும்.

அடுத்தது, மொத்தத்தைச் சமமாகப் பிரிப்பது. பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் ஒருவர் ஒரு சூப்போடு நிறுத்திக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர்கள் இரண்டு பாட்டில் ஒயினை முடித்திருப்பார்கள். பில் வந்ததும் யாராவது கைபேசியை எடுத்து எட்டால் வகுத்து, "ஆளுக்கு இவ்வளவு" என்பார். சூப் சாப்பிட்டவர் வாய் திறக்காமல் கட்டிவிடுவார். அடுத்த பிறந்தநாளுக்கு ஏதாவது காரணம் சொல்லி வராமல் இருந்துவிடுவார். ஒரு நல்ல நட்பு இப்படிப் போகக் கூடாது. குழுவில் மெனுவைப் போடும்போதே "அவரவர் சாப்பிட்டதை அவரவர் கட்டலாம், பிறந்தநாள்காரர் பங்கை மட்டும் பிரித்துக்கொள்வோம்" என்று எழுதிவிடுங்கள். தனித்தனி பில் வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். கடைசியில் கேட்டால் பல இடங்களில் முடியாது என்பார்கள்.

பில்லை வாசிக்காமல் டிப்ஸ் வைப்பதும் வீண் செலவு. அமெரிக்காவில் கூட்டமாகப் போனால் 18 அல்லது 20 சதவீதம் தானாகவே சேர்ந்திருக்கலாம். பிரிட்டனில் சேவைக் கட்டணம் என்று 12.5 சதவீதம் இருப்பதைப் பார்க்கலாம். அதைக் கவனிக்காமல் மேலும் வைப்பவர்கள் நிறையப் பேர். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை.

கேக் கொண்டுபோவதாக இருந்தால் போன் செய்து கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பல உணவகங்கள், வெளிக் கேக்கை வெட்டிப் பரிமாறத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. வேறு சில இடங்களில் வெளி உணவையே உள்ளே விடமாட்டார்கள். மத்தாப்பு மாதிரிப் பொறி பறக்கும் மெழுகுவத்தியை, அனுமதி கேட்காமல் ஏற்றவே வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். சைவம், ஹலால், நிலக்கடலை ஒவ்வாமை, எதுவானாலும் முன்பதிவின்போதே சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகங்கள் தகவல் தரவேண்டும் என்பது சட்டம், தயங்காமல் கேட்கலாம். அப்புறம், பத்துப் பேர் என்று பதிவு செய்துவிட்டு ஆறு பேர் போனால் முன்பணம் திரும்பக் கிடைக்காமல் போகக்கூடும். எண்ணிக்கை மாறினால் உடனே தெரிவியுங்கள்.

கடைசியாக, சர்ப்ரைஸ். ஊழியர்கள் சூழ்ந்து கைதட்டிப் பாடுவது சிலருக்கு ஆனந்தம், சிலருக்கு உடம்பே கூசும். நண்பர் எந்த ரகம் என்று தெரியாவிட்டால் அவருடன் தங்கியிருப்பவரிடம் விசாரியுங்கள். ஜெர்மன் நண்பர் என்றால் முந்தின நாளே வாழ்த்திவிடாதீர்கள். அது துரதிர்ஷ்டம் என்று அங்கே பலர் நினைக்கிறார்கள். விருந்து முந்தின இரவே நடந்தாலும் நள்ளிரவு 12 மணி வரை பொறுத்து வாழ்த்துங்கள்.