பிள்ளைக்கு வீட்டிலேயே இசை பழக்குவது எப்படி?

கடலூரில் 3, 4 வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர், பாட்டு வகுப்பைத் தேடுவதற்கு முன்பே தாலாட்டிலிருந்தும் எதுகை மோனையுள்ள சிறுவர் பாடல்களிலிருந்தும் தொடங்கலாம். சொற்களின் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது, பின்னர் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் துணை நிற்கும்.

5 வயதுக்கு மேல், கர்நாடக இசையின் அடிப்படைத் தாளமான ஆதி தாளத்தைக் கற்றுக்கொடுங்கள். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை, அதன்பின் தட்டும் வீச்சும் (கையைத் திருப்பிப் போடுவது) இருமுறை: மொத்தம் 8 அட்சரங்கள், அதாவது 8 தாள எண்ணிக்கைகள். தாளத்தின் வேகத்தை மாற்றாமல், ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம், அடுத்து 2, அதற்கடுத்து 4 என்று சரளி வரிசை என்னும் தொடக்கச் சுரப் பயிற்சியை மூன்று காலங்களில் (பாடும் வேகங்களில்) பாடும்போது, இரட்டிப்பு என்னும் கணக்கைப் பிள்ளை கையாலேயே உணர்கிறது. இரண்டாம் காலத்தில் என் மகளின் கை மோதிரவிரலில் தயங்கி நிற்கும். அப்போது குறை சொல்லாமல் நானும் உடன் தட்டுவேன். கைப்பேசியில் பாட்டை ஒலிக்கவிட்டு நகர்ந்துவிடுவது இதற்கு ஒருபோதும் ஈடாகாது.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

நேரில் கேட்கவும் அழைத்துச் செல்லுங்கள். அப்பர் பதிகம் பாடிய திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில், திருவிழா நாளில் நாகசுரம் ஒலிக்கும்போது, தவிலுக்கு மிக அருகில் நிறுத்தாமல், சற்றுத் தள்ளி நின்று தாளத்தை விரலில் எண்ணச் சொல்லுங்கள்.