மூர் நிலத்துப் பூனைப்பருந்து: ஊரோடு சேர்ந்து காக்கும் முறை

வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேடுகளில் ஹெதர் என்னும் குறும்புதர் மண்டிக் கிடக்கும் ஈரவெளிக்கு மூர் என்று பெயர். அங்கே தரையில் கூடு வைக்கும் ஹென் ஹாரியர், பூனைப்பருந்து வகைகளில் ஒன்று. குளிர்காலத்தில் நம் கரிசல் பக்கம் வந்துபோகிற வெண் பூனைப்பருந்துக்கு நெருங்கிய சொந்தம். அதே மூரில்தான் கிரவுஸ் என்ற பறவையைப் பெருக்கி, ஆகஸ்ட் 12 முதல் சுட்டு வேட்டையாடுகிறார்கள். கிரவுஸ் குஞ்சைப் பருந்து தூக்குகிறது. பருந்தை யாரோ சுட்டுவிடுகிறார்கள். 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அது குற்றம். இருந்தும் 2007 முதல் 2017 வரை செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 பருந்துகளை ஆராய்ந்ததில், 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை, அல்லது அப்படிக் கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிந்தது. 2013இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை. ஆகவே வேலையைப் பறவையிடமிருந்து தொடங்காதீர்கள், ஊரிலிருந்து தொடங்குங்கள்.

ஊர்க்கூட்டத்தை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். ஏப்ரலில் செம்மறி ஆடுகள் குட்டி போடும். அப்போது மேய்ப்பர் எவரும் வரமாட்டார். வேட்டைப் பருவத்தில் கீப்பர், அதாவது கிரவுஸைக் காக்கும் சம்பளக்காரர், வரமாட்டார். இடம் ஊர்ப் பொதுமண்டபமாக இருக்கட்டும், பண்ணை முதலாளியின் அலுவலகம் வேண்டாம். முதல் கூட்டத்திலேயே கீப்பரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் இரண்டாம் கூட்டம் நடக்காது. "போன வருஷம் எத்தனை கிரவுஸ் குஞ்சு தேறிச்சு?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவரை விட்டுவிடக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்காட்லாந்தின் லாங்ஹோம் மூரில் 1992இல் கூடு வைத்த பெண் பருந்துகள் 2. முழுப் பாதுகாப்புக் கொடுத்ததும் 1997இல் 20 ஆயின. கிரவுஸ் குறைந்து வேட்டை நின்றது, கீப்பர்களும் வெளியேறினார்கள். அதன்பின் நரியைக் கட்டுப்படுத்த ஆளில்லை. தரைக்கூட்டுப் பருந்துகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. பருந்தைக் கொல்லக்கூடிய அதே கை, அதன் கூட்டை நரியிடமிருந்து காத்துக்கொண்டும் இருந்தது.

மார்ச் கடைசியிலிருந்து கண்காணிப்பு. ஆண் சாம்பல் நிறம், இறக்கை நுனி கறுப்பு. பெண் பழுப்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை. ஆண் வானத்தில் ஏறி இறங்கிக் குட்டிக்கரணம் அடிப்பதைப் பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கைக் குறித்துவையுங்கள். இருவர், குறைந்தது 750 மீட்டர் தள்ளி, இரண்டு வெவ்வேறு மேடுகளில், தொலைநோக்கியோடு நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். ஆண் இரையோடு வந்து குரல் கொடுக்கும். பெண் எழும்பி அந்தரத்திலேயே வாங்கிக்கொள்ளும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள்: பெண் இரையோடு இறங்கும் இடத்தைக் கூடு என்று குறித்துவிடுகிறார்கள். அது வேறிடத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பிறகுதான் கூட்டுக்குத் திரும்பும். அந்த இரண்டாவது இறக்கத்தை இருவரும் திசைகாட்டியால் அளந்து வரைபடத்தில் கோடு இழுங்கள். கோடுகள் வெட்டும் இடம் கூடு.

கூட்டுக்கு நடந்து போகாதீர்கள். உரிமம் இல்லாமல் இந்தப் பறவையைக் கூட்டில் தொந்தரவு செய்வதே குற்றம். முட்டை நான்கு முதல் ஆறு. ஒரு மாதம் அடைகாக்கும். மழையில் தாயைக் கிளப்பினால் முட்டை குளிர்ந்துபோகும். மிதித்த தடத்தை மோந்துகொண்டு நரி வரும். உரிமம் உள்ளவரும் வறண்ட நாளில், கூட்டைத் தாண்டிப் போவதுபோல நடந்து, வேறு வழியாகத் திரும்ப வேண்டும். கண் நிறைய, கால் குறைய. காவலின் கணக்கு அவ்வளவுதான். ஜூனில் மிட்ஜ் என்னும் பொடிக்கொசு மொய்க்கும். முகவலை இல்லாமல் போனவர் அரை மணியில் எழுந்து கையை வீசுவார், பருந்து அவரைப் பார்த்துவிடும்.

நாய்க்காரர்களிடமும் பேசுங்கள். இங்கிலாந்தின் பொது அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். பலருக்கு இது தெரியாது. பலகையைக் கூட்டருகில் நடாதீர்கள், கார் நிறுத்துமிடத்தில் நடுங்கள்.

குஞ்சு பொரித்ததும், பருந்து கிரவுஸ் குஞ்சைத் தூக்காதிருக்க, மாற்றுத்தீனி. உரிமத்தோடு கூட்டுக்கு அருகே தட்டையான தலையுள்ள கம்பம் ஒன்றை நட்டு, செத்த ஒருநாள் கோழிக்குஞ்சுகளும் வெள்ளெலிகளும் வைப்பார்கள். ஒருநாள் கோழிக்குஞ்சு சுமார் 40 கிராம். நான்கு குஞ்சுள்ள கூட்டுக்கு நாளொன்றுக்குப் பத்து என்று தொடங்கி, மறுநாள் மிச்சத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். காலையில் வையுங்கள், இரவில் மிஞ்சுவது நரிக்கு அழைப்பிதழ். குஞ்சுகள் பறக்கும்வரை, ஐந்து வாரத்துக்கு மேல், நாள் தவறக் கூடாது. இந்த வேலையைக் கீப்பரிடமே கொடுப்பது நல்லது. லாங்ஹோமில் 1998, 1999இல் தீனி வைத்த கூடுகளுக்கு 100 மணி நேரத்தில் சராசரியாக 0.5 கிரவுஸ் குஞ்சுதான் வந்தது. வைக்காத கூடுகளுக்கு 3.7. ஆனால் அதனால் அங்கே கிரவுஸ் பெருகிவிடவில்லை. இதை மறைத்து வாக்குறுதி கொடுத்தால் அடுத்த ஆண்டு அவர் உங்களை நம்பமாட்டார்.

செத்த பருந்தைக் கண்டால் தொடவேண்டாம். பக்கத்தில் இறைச்சித் துண்டோ முயலுடலோ கிடந்தால் நஞ்சு என்றே கொள்ளுங்கள். கார்போபியூரான் பிரிட்டனில் 2001இலேயே தடைசெய்யப்பட்டது, ஆனாலும் நஞ்சிரைகளில் தென்பட்டிருக்கிறது. நாயைப் பிடித்துக் கட்டுங்கள். அளவு தெரிய ஒரு பேனாவை அருகில் வைத்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம், வரைபடக் குறியீடு. பிறகு போலீசுக்கு 101. கண்ணெதிரே குற்றம் நடந்தால் 999. கம்பத்தின் உச்சியில் வைக்கும் இரும்புப் பொறி 1904 முதல் தடைசெய்யப்பட்டது. காக்கைக்கான கூண்டுப்பொறி சட்டப்படி இருக்கலாம். அதை உடைத்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பும். பொறியில் உள்ள எண்ணைக் குறித்துக் காவலரிடம் கொடுங்கள்.

கூட்டின் துல்லிய இடம் மூன்று பேருக்கு மேல் தெரிய வேண்டாம். கைபேசிப் படத்தில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பருந்து இருக்கும் இடத்தின் வரைபடம் காட்டுவதானால் 10 கிலோமீட்டர் சதுரமே போதும், அதையும் சில வாரம் தாமதித்து. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தாமதத்துக்கான காரணத்தை அவர்களிடம் சொல்லுங்கள், வீட்டில் போய் அவர்களே சொல்வார்கள்.

நிலமே ஊர் கையில் இருந்தால் பேரம் மாறும். லாங்ஹோம் மக்கள் 2021இல் 38 லட்சம் பவுண்டு திரட்டி 5,200 ஏக்கர் வாங்கினார்கள். மறு ஆண்டு ஏறக்குறைய அதே அளவு இன்னொரு பங்கு. இன்று அது டாராஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம்.

கூட்டுக்காவல் முடிந்தாலும் அக்டோபரில் பருந்துகள் கோரைமண்டிய சதுப்பில் கூட்டமாகத் தரையில் தூங்க வரும். சுடுபவனுக்கு வசதியான நேரம் அது. மார்ச் வரை மாதம் ஒருமுறை, ஒரே நாளில், பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பிருந்து முழு இருட்டு வரை உட்கார்ந்து எண்ணுங்கள். சாம்பல், பழுப்பு என்று தனித்தனிக் கணக்கு. கிளம்பும்போது காரின் முகப்பு விளக்கைச் சதுப்புப் பக்கம் திருப்பாதீர்கள்.